தர மறுத்தார், காரணம் பின்பக்கம்

எங்கள் தொழிற்சங்கத்தின் பொருளாளரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரசீது என்றால்தான் தெரியும். "ரசீது வந்துட்டா" என்று ஒருத்தி முணுமுணுத்தால் போதும், கூடம் முழுக்க அவரவர் குனிந்து வேலையில் மூழ்கிவிடுவார்கள். அந்தச் சுறுசுறுப்பை மேலாளர் வந்தால்கூடப் பார்க்க முடியாது. அவளைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், அவளோடு அதிகமாகச் சண்டை போட்டவள் நான்தான். ஒருவரைத் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. என்னை அங்கே 'வாய்' என்று கூப்பிடுவார்கள். காரணம் விளக்க வேண்டியதில்லை.

மூன்று ஆஸ்பத்திரிகளின் அழுக்குத் துணி எங்கள் சலவைக் கூடத்துக்குத்தான் வரும். படுக்கை விரிப்பு, தலையணை உறை, நோயாளிகளின் அங்கி, ஆபரேஷன் அறையின் பச்சைத் துணி, எல்லாம். விடியற்காலையில் பின்வாசலில் வண்டி வந்து மூட்டை மூட்டையாக இறக்கிவிட்டுப் போகும். மூட்டையை அவிழ்த்து, வெள்ளை தனி, பச்சை தனி, கறை பட்டது தனி என்று பிரிப்பது முதல் வேலை. அதற்குத்தான் அரைநாள் ஆட்கள், ஏழு பெண்கள், ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை. துவைப்பது, உலர்த்துவது, இஸ்திரி போட்டு மடிப்பது எல்லாம் முழுநாள் ஆட்களின் வேலை, இரண்டு மணி வரை. மூட்டைக்குள் என்னவெல்லாம் வரும் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். மூக்குக் கண்ணாடி வரும், பல் செட் வரும். ஒருமுறை டிவி ரிமோட் வந்தது. அந்த வார்டில் அன்று முழுக்க ஒரே சேனல்தான் ஓடியிருக்கும், பாவம்.

நான் அரைநாள் ஆளாக இருப்பது வசதிக்காக அல்ல. வீட்டில் மாமனார் இருக்கிறார். இடுப்பு எலும்பு முறிந்து மூன்று வருடமாகப் படுக்கை. காலையில் அவரை என் கணவர் பார்த்துக்கொள்வார். பத்தரைக்கு நான் உள்ளே நுழைய, அவர் சரக்கு வண்டி ஓட்டக் கிளம்புவார். வாசலில் சாவியைக் கை மாற்றிக்கொள்கிற நேரம்தான் எங்கள் குடும்ப வாழ்க்கை.

இப்போது ரசீதுக்கு வருகிறேன். அவள் என்னைவிட ஐந்து வயது சின்னவள். மெலிந்த உடம்பு, நீளமான கை, மடிக்கும் மேசையில் அவளோடு போட்டி போட ஆள் கிடையாது. அதற்கு முன்னால் பத்து வருடம் துணி பிழியும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றவள். அதனால் வலது காது போய்விட்டது. யார் பேசினாலும் இடது பக்கம் வந்து நின்றுகொண்டு, சொன்னதை ஒருமுறை திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பாள். அண்ணன் வீட்டு மாடி அறையில் குடியிருந்தாள். "வீட்டுல உப்பு வாங்கிட்டு வரச் சொன்னாலும் எத்தனை மணிக்கு சொன்னீங்கன்னு எழுதி வச்சுக்குவா" என்று அவள் அண்ணி ஒருநாள் என்னிடமே சொல்லிச் சிரித்தாள். வெறும் கேலி இல்லை அது. பொருளாளரான முதல் வருடம், ஒருத்தி சந்தா கொடுத்தேன் என்றாள், ரசீது வாங்கவில்லை என்றாள். காது கேட்காதவள் பேச்சு எடுபடுமா? அந்தப் பணத்தை இவளே தன் கையிலிருந்து கட்டினாள். அன்றிலிருந்து எல்லாவற்றையும் எழுத ஆரம்பித்தாள்: தேதி, நேரம், இடம், யார் என்ன சொன்னார்கள். எழுதி முடித்ததும் படித்துக் காட்டிக் கையெழுத்தும் வாங்கிவிடுவாள்.

சம்பளத்துக்கு மறுநாள் காலை, ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது எங்களிடம் வருவாள். ஆறு அடித்துவிட்டால் இயந்திரங்கள் அலற ஆரம்பித்துவிடும், அவளுக்கு இருக்கிற ஒற்றைக் காதும் பயன்படாது. அதனால் அந்த நேரம். அந்த நேரத்தில் நாங்கள் ஏழு பேரும் ஏற்கெனவே மூட்டை அவிழ்த்துக்கொண்டிருப்போம்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வருகை அட்டை அடிக்கிற கருவி எங்கள் அட்டையை ஆறு மணிக்கு முன்னால் ஏற்காது. ஆனால் வண்டி ஐந்தே முக்காலுக்கே வந்துவிடும். ஆறு மணிக்கு இயந்திரத்தில் போடப் பிரித்த துணி இல்லையென்றால் முழுநாள் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், மேலாளர் அவர்கள்மேல் பாய்வார், அவர்கள் எங்களைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்து, அட்டை அடிப்பதற்கு முன்னால் ஆளுக்கு ஒரு மூட்டை பிரித்துவிடுவது என்று பழக்கமாகிவிட்டது. யாரும் செய்யச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. கையுறை மட்டும் அட்டை அடித்த பிறகுதான் கொடுப்பார்கள். ஆக, முதல் மூட்டை எப்போதும் வெறுங்கையால்.

போன வருடம் ஒரு சம்பளத்துக்கு மறுநாள் எனக்குப் பொறுக்கவில்லை. மாமனாருக்குப் புது மருந்து, வீட்டில் இழுபறி. ரசீது வந்து நின்றதும் கேட்டுவிட்டேன். நாலு மணி நேரம் வேலை செய்கிற எனக்கும் எட்டு மணி நேரம் செய்கிறவளுக்கும் ஒரே சந்தா என்றால் எந்த ஊர் நியாயம்? பாதித் தூரம் போகிறவனிடம் பஸ்ஸில் முழு டிக்கெட் கேட்பார்களா? போனஸ் பேசும்போது எங்களைப் பாதி ஆளாகக் கணக்கு எடுக்கிற சங்கம், சந்தா வாங்கும்போது மட்டும் முழு ஆளாகப் பார்க்கிறதே, நான் யார், பாதியா முழுசா? இதைத்தான் கேட்டேன், கொஞ்சம் சத்தமாக. மற்ற ஆறு பேரும் விரிப்பை உதறுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அவள் பதிலுக்குப் பதில் பேசுவாள் என்று இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு நின்றேன். அவளோ பிளாஸ்டிக் உறையிலிருந்து ரசீதுப் புத்தகத்தை எடுத்து, என் பேருக்கு ஒரு ரசீதைப் போட்டு, குறுக்கே கோடு கிழித்து, 'தர மறுத்தார், காரணம் பின்பக்கம்' என்று எழுதினாள். பின்பக்கம் திருப்பி எழுதி, எனக்குப் படித்துக் காட்டினாள்.

"காலை அஞ்சு அம்பது. பிரிக்கும் மேசை. மூட்டை அவிழ்த்துக்கொண்டே சொன்னது. பாதி நாள் வேலைக்கு முழுச் சந்தா சரியில்லை. போனஸில் பாதி ஆள், சந்தாவில் முழு ஆளா என்று கேட்டார். சரியாக்கா?"

"பஸ் டிக்கெட்ட விட்டுட்டியே" என்றேன்.

அதையும் சேர்த்தாள். கையெழுத்துப் போட்டேன். போடும்போது என் கோபத்தில் பாதி வடிந்துவிட்டது. வாயால் திட்டுவது சுலபம், திட்டியதைப் படித்துக் காட்டிக் கையெழுத்துக் கேட்டால் ஆளே ஒடுங்கிப்போகிறோம். ஆனாலும் விடவில்லை. அடுத்த மாதமும் மறுத்தேன், அதற்கடுத்த மாதமும் மறுத்தேன். மூன்று மாதம், மூன்று கோடு கிழித்த ரசீது. ஒவ்வொரு முறையும் அவள் முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. ஒருமுறை மட்டும், போன மாதக் காரணமே போதுமா புதுசாக ஏதாவது உண்டா என்று கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாலாவது மாதம் நடுவில், ஒரு செவ்வாய்க்கிழமை, ஆறுக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது ஊசி குத்தியது.

பச்சைத் துணியை உதறப் பிடித்தேன். மடிப்புக்குள் மருந்து ஏற்றும் ஊசி, யாரோ மறந்து விட்டுப்போனது. நடுவிரலில் நன்றாக இறங்கிவிட்டது. வலி ஒன்றும் பெரிதில்லை. ஆனால் அந்த ஊசி யார் உடம்புக்குள் போய் வந்ததோ, அந்த உடம்பில் என்ன இருந்ததோ என்று நினைத்ததும் எனக்கு வாயே அடைத்துவிட்டது. கூடத்தில் எல்லோரும் பயந்தது என் விரலைப் பார்த்து அல்ல, நான் பேசாமல் நின்றதைப் பார்த்து.

அப்போதுதான் உள்ளே வந்த ரசீது என் கையைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப் போனாள். சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் விரலைப் பிடித்துக்கொண்டே நின்றாள். பிறகு நேராக மேலாளர் அறை. மேலாளருக்கு நாங்கள் வைத்த பேர் கஞ்சி. அவ்வளவு விறைப்பான சட்டை. அவர் என் விரலைப் பார்க்கவில்லை, அட்டை மாட்டியிருந்த பலகையைப் பார்த்தார். என் அட்டையில் அன்றைய அடி இல்லை. வேலை நேரத்தில் நடக்கவில்லை என்றார். ஆறு மணிக்கு முன்னால் மூட்டையைத் தொடச் சொன்னது யார் என்றார். உண்மையிலேயே யாரும் சொல்லவில்லையே. நிர்வாகம் செலவு ஏற்காது, வீட்டுக்குப் போய் உங்கள் டாக்டரைப் பாருங்கள் என்று முடித்துவிட்டார். எங்கள் டாக்டராம். ஏதோ நான் வீட்டில் ஒருவரை வைத்திருப்பதுபோல.

ரசீது அவரோடு வாதாடவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து அவர் சொன்னதை எழுதிக்கொண்டாள், படித்துக் காட்டினாள், வெளியே வந்து வாடகை வண்டி பிடித்தாள். ஆஸ்பத்திரியில், தொற்று வராமல் தடுக்கும் மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது என்றார்கள். ஏழரைக்கெல்லாம் முதல் மாத்திரை என் வாயில். அன்றைய கூலி அவளுக்குப் போச்சு. ரத்தப் பரிசோதனைக்கும் ஒரு மாத மாத்திரைக்கும் அப்போதைக்குப் பணம் கட்டியது சங்கம். நான் மூன்று மாதமாக ஒரு காசு போடாத அதே சங்கம். ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு வந்த வெட்கத்தை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

சங்கச் செயலாளர் நல்ல மனிதர்தான், ஆனால் மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று எப்போதும் புலம்புகிறவர். மூன்று மாதம் சந்தா கட்டாதவளுக்குச் சங்கம் எப்படிப் பேச முடியும், விதிப்படி இவர் உறுப்பினரே இல்லையே என்று மென்று விழுங்கினார். ரசீது விதிப் புத்தகத்தைத் திறந்து காட்டினாள். காரணம் சொல்லாமல் கட்டாதவர்தான் நீங்கியவர். எழுத்தில் ஆட்சேபம் சொன்னவர், பொதுக்குழு அதை முடிவு செய்யும்வரை உறுப்பினர்.

"கட்டாம விட்டது வேற, மறுத்தது வேறங்க" என்றாள். "இவங்க மறுத்திருக்காங்க. மூணு தடவ. கையெழுத்து இருக்கு."

மாத்திரை சாப்பிட்ட அந்த மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை. இறங்கியதும் நிற்கவில்லை. ஒரு வாரம் வேலைக்குப் போவேன், அடுத்த வாரம் எழுந்திருக்க முடியாது. என் தட்டு, என் டம்ளர், என் துண்டு எல்லாவற்றையும் தனியாக எடுத்து வைத்தேன். அப்படியெல்லாம் தொற்றாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பயம் டாக்டர் சொல்லையா கேட்கும்? மாமனாருக்கு ஊட்டுவதை நிறுத்திவிட்டு, ஸ்பூனை அவர் கையில் கொடுத்தேன். நடுங்குகிற கையால் பாதியைச் சட்டையில் கொட்டிக்கொண்டு இரண்டு நாள் சாப்பிட்டார். நான் எது செய்தாலும் ஒரு குறை சொல்கிற மனிதர், மூன்றாம் நாள் ஸ்பூனைத் தட்டில் போட்டார்.

"எனக்கு எம்பது வயசு. இனிமே என்ன வந்து என்ன. நீ ஊட்டும்மா" என்றார்.

ஊட்டினேன். அதற்குப் பிறகு உப்புக் குறைவு என்றார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது எனக்கு.

அடுத்த மாதம் நிர்வாகத்தோடு பேச்சு. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார், பக்கத்தில் கஞ்சி. எங்கள் பக்கம் செயலாளர், ரசீது, நான். கஞ்சி தன் பாட்டைப் பாடினார்: அட்டை இல்லை, அதனால் வேலை இல்லை, அதனால் விபத்து இல்லை. என்னைக் காட்டி, அன்றைக்கு மட்டும் இவர் எதற்கோ முன்னால் வந்து மூட்டையில் கைவைத்திருக்கிறார் என்றார். செயலாளர் தொண்டையைச் செருமினார். ரசீது பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தாள்.

முதலில் என் மூன்று ரசீதுகள். 'காலை ஐந்து ஐம்பது, பிரிக்கும் மேசை, மூட்டை அவிழ்த்துக்கொண்டே சொன்னது.' 'ஐந்து நாற்பத்தெட்டு, பிரிக்கும் மேசை, விரிப்பை உதறிக்கொண்டே சொன்னது.' 'ஐந்து ஐம்பத்தொன்று, கறைத் துணி பொறுக்கிக்கொண்டே சொன்னது.' ஒவ்வொன்றிலும் தேதி, என் கையெழுத்து. பிறகு மற்ற ஆறு பேருடையதும், பதினோரு மாதத்துக்கு. ஒழுங்காகச் சந்தா கொடுத்தவர்களின் ரசீது அடிக்கட்டையின் பின்னாலும் அதே நேரம், அதே மேசை, கையில் என்ன துணி இருந்தது என்பது உட்பட. ஒரு ஏற்ற இறக்கம் இல்லாமல், சலவைப் பட்டியல் படிப்பதுபோலப் படித்துக்கொண்டே போனாள். இருபதாவது ரசீதில் அந்த அம்மா கையை உயர்த்தினார்.

"இது சந்தா ரசீதுதானே? இதுல நேரம் எதுக்கு எழுதறீங்க?"

"எனக்கு ஒரு காது கேக்காதுங்க" என்றாள் ரசீது. "அதனால எதக் கேட்டேன், எப்ப கேட்டேன், எங்க நின்னு கேட்டேன்னு எழுதிடுவேன். இன்னும் இருக்கு, படிக்கட்டுங்களா?"

படிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த அம்மா கஞ்சியைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் சட்டையின் விறைப்பெல்லாம் இறங்கிவிட்டது. அன்று மாலைக்குள் முடிவானது. விபத்து வேலையில் நடந்ததுதான். சங்கம் கட்டிய செலவை நிர்வாகம் திருப்பித் தரும், நான் வராத நாட்களுக்குக் கூலி உண்டு. பிரிக்கும் ஆட்களின் அட்டை இனி ஐந்தே முக்காலுக்கு. கையுறைப் பெட்டி பின்வாசலிலேயே இருக்கும்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயால் பிழைத்தவள். சந்தா கொடுக்க மாட்டேன் என்று கத்தியதே, அந்த நேரத்தில் நான் வேலையில் இருந்ததற்குச் சாட்சியாக நின்றது. ஆனால் வாய் என்னுடையது என்றாலும், அதை ஒரு எழுத்து விடாமல் எழுதி வைத்த கை அவளுடையது. தன்னை நாலு பேர் முன்னால் திட்டியவளின் பேச்சை அத்தனை மரியாதையாகப் பாதுகாத்து வைக்க எத்தனை பேருக்கு மனசு வரும்? எனக்கு வராது. எனக்காக நான்கூட அவ்வளவு அக்கறையாக எதையும் எடுத்து வைத்ததில்லை.

மூன்றாவது மாதக் கடைசிப் பரிசோதனையின் முடிவு வந்த அன்று மாலை அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். தொற்று ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்த தாளை அவளிடம் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் போய் இரண்டு முறை படித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, இதற்கு ஒரு நகல் வேண்டும் என்றாள். அவளுக்குத் தெரிந்த சந்தோஷம் அதுதான். பிறகு அடுத்த வாரப் பொதுக்குழுவின் அழைப்பை நீட்டினாள். மூன்றாவது பொருள்: அரைநாள் ஊழியர் சந்தா குறித்த ஆட்சேபம், பேசுபவர் நான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனையும் செய்த சங்கத்திடம் போய், சந்தாவைக் குறை என்று எந்த முகத்தோடு கேட்பேன்? வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், நிலுவையையும் சேர்த்து முழுசாகக் கட்டிவிடுகிறேன் என்றேன்.

"வாபஸ் வாங்கலாம்க்கா. அதுக்கும் காரணம் எழுதணும்" என்றாள். "என்னன்னு எழுதட்டும்?"

"நன்றின்னு எழுது."

"அத எழுத மாட்டேன்." முதல்முறையாக அவள் குரல் உயர்ந்தது. "உங்களுக்கு சங்கம் செஞ்சது உதவியில்ல, வேல. அதுக்கு நன்றின்னு சொல்லி நீங்க வாய மூடிக்கிட்டா, நாளைக்கு எவளும் எங்கிட்ட வாயத் திறக்க மாட்டா. நீங்க கேட்டது சரியான்னு மட்டும் சொல்லுங்க. இன்னும் சரின்னு தோணுதா?"

யோசித்தேன். தோன்றியது. அதைச் சொன்னேன்.

"அப்ப வந்து பேசுங்க. நான் எதுத்துப் பேசுவேன், அதையும் இப்பவே சொல்லிடறேன்" என்று டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். உள் அறையிலிருந்து மாமனார், யார் அந்தப் பெண், நம் வீட்டில் உன்னையே அடக்கிவிட்டுப் போகிறாளே என்றார். அவர் குரலில் அவ்வளவு திருப்தியை நான் கேட்டதே இல்லை.

பொதுக்குழு மடிக்கும் கூடத்திலேயே நடந்தது. அறுபது பேர், துணி வண்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தோம். நான் பஸ் டிக்கெட்டிலிருந்து ஆரம்பித்தேன், போனஸைச் சொன்னேன், உட்கார்ந்துவிட்டேன். ரசீது எழுந்தாள். சொன்னபடியே எதிர்த்துத்தான் பேசினாள், அதுவும் நன்றாகப் பேசினாள்.

"ஊசி அரைநாள் ஆளுன்னு பாத்து அரைவாசி குத்தல. ஆஸ்பத்திரியில பாதிக் காசு கேக்கல. எட்டு மணி நேர ஆளுக்கு என்ன ஆகுமோ அதே செலவுதான் ஆச்சு. ஏழு பேர் சந்தாவ பாதியாக்கினா அடுத்த ஊசிக்குப் பணம் எங்கேர்ந்து வரும்?"

கூடம் தலையாட்டியது. உண்மையைச் சொன்னால் நானும் ஆட்டினேன். அதில் ஒரு சொல் பொய்யில்லை, அந்த ஊசி குத்தியதே என்னைத்தானே. ஆனால் திரும்பி எங்கள் ஆறு பேரைப் பார்த்தேன். அவர்களில் மூன்று பேர், இந்தக் கூலியில் சந்தா கட்டி மாளாது, பேரை எடுத்துவிடலாம் என்று என்னிடம் ரகசியமாகச் சொல்லியிருந்தார்கள். எழுந்தேன்.

"அவ சொன்னது அத்தனையும் சரி. ஆனா அடுத்த ஊசி யாருக்குக் குத்தும்னு பாருங்க. மூட்டைய முதல்ல தொடறது நாங்க ஏழு பேரு. முழுச் சந்தா கட்ட முடியாம அதுல பாதிப் பேரு வெளிய போயிட்டா, பணம் பெட்டியில இருக்கும், குத்து வாங்கினவ உள்ள இருக்க மாட்டா. என்னை மாதிரி சண்ட போட்டு உள்ள இருக்க எல்லாருக்கும் வாய் இருக்குமா?"

யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். இயந்திரப் பக்கம் நிற்கிற பெரியவர் ஒருவர், ஐந்தே முக்காலுக்கு அவர்கள் கை வைத்ததால்தான் இத்தனை வருடம் தன் இயந்திரம் ஆறு மணிக்கு ஓடியது என்றார். அது நான் எதிர்பாராதது. கை தூக்கச் சொன்னார்கள். எண்ணியது ரசீதுதான். வேறு யார் எண்ணினாலும் யாரும் நம்ப மாட்டார்கள். ஆதரவு முப்பத்தாறு. எதிர்ப்பு இருபத்துநாலு, தன் கையையும் சேர்த்து. தான் தோற்ற கணக்கைத் தானே சத்தமாகப் படித்துக் காட்டி, நேரத்தை எழுதிச் செயலாளரிடம் கையெழுத்து வாங்கினாள். பிறகு என்னிடம் வந்து, இடது பக்கமாக நின்று, இரண்டாவது பேச்சைத்தான் முதலிலேயே பேசியிருக்க வேண்டும் என்றாள்.

அடுத்த சம்பளத்துக்கு மறுநாள் அதே நேரத்துக்கு வந்தாள். நாங்கள் ஏழு பேரும் அட்டை அடித்து, கையுறை மாட்டி, மேசையில் இருந்தோம். கையுறையைக் கழற்றி முழுச் சந்தாவையும் எடுத்து நீட்டினேன். எண்ணினாள். பாதியை எடுத்துக்கொண்டு பாதியை மேசையில் வைத்தாள்.

"தீர்மானம் பாதிதான்க்கா. அதுக்கு மேல வாங்க எனக்கு அதிகாரம் இல்ல."

நானாக விரும்பிக் கொடுத்தாலும் கூடாதா என்று கேட்டேன். கூடாது என்றாள். ஒருத்தி நன்றிக்காக முழுசாகக் கொடுத்தால், மற்ற ஆறு பேர் பாதி கொடுக்கக் கூசுவார்கள் என்றாள். அவளிடம் யார் ஜெயிக்க முடியும்? சரி, அப்படியானால் எழுதிக் கொடு என்றேன். என்னைப் பார்த்தாள். என் முகத்தில் விளையாட்டு இல்லை என்று தெரிந்ததும் ரசீதுப் புத்தகத்தைத் திறந்தாள். பாதிச் சந்தாவுக்கு ஒரு ரசீது போட்டாள். பிறகு இன்னொரு தாளில் குறுக்கே கோடு கிழித்து எழுதி, வழக்கம்போலப் படித்துக் காட்டினாள்.

"காலை அஞ்சு அம்பது. பிரிக்கும் மேசை. கையுறையைக் கழற்றிவிட்டுச் சொன்னது. முழுச் சந்தா தர வந்தார். பொருளாளர் வாங்க மறுத்தார். சரியாக்கா?"

"காரணம்?"

கொஞ்சம் யோசித்தாள். பிறகு பின்பக்கம் திருப்பி ஒரே வரி எழுதி, இந்த முறை படித்துக் காட்டாமல், மறுத்தவர் என்ற இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டு என்னிடம் நீட்டினாள். ஆறு மணி அடித்தது. இயந்திரங்கள் அலற ஆரம்பித்தன, அவள் மடிக்கும் மேசைக்குப் போய்விட்டாள். அந்தத் தாள் இப்போதும் என் பர்ஸில் இருக்கிறது. பின்பக்கம் இப்படி எழுதியிருக்கிறது: 'இவர் முழு உறுப்பினர்.'